லில்லி அக்காவின் பெட்டியை மூடவிடாதவர்

1991 கோடையில் என் அக்கா லில்லி செத்துப்போனாள். ஆண்டவருக்குள் நித்திரையடைந்தாள் என்று சபையில் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை. கவனிக்காமல் போட்டுவிட்டார்கள், செத்துப்போனாள்.

அவளைக் குன்றத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவர்களும் வேதக்காரர்கள்தான். அந்த வருஷம் ஈஸ்டருக்கு அவளை அனுப்பச் சொல்லி ஆள் விட்டோம். "வேலை கீது, அப்பால வருவா" என்று பதில் வந்தது. அப்போதே மஞ்சள்காமாலையில் படுத்திருந்திருக்கிறாள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பிறந்த வீட்டார் வந்து கேள்வி கேட்பார்கள் அல்லவா!

நாங்கள் வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். இப்போது கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடுகிற அந்த ரோட்டில் அன்றைக்கு ஒரு பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு எனக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிருந்தது.

அன்று காலையில் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்று சொன்னார். "லில்லி தவறிடுச்சிம்மா. மூணு மணிக்கு எடுக்கறாங்க. வர்றதுன்னா சீக்கிரம் வாங்க."

வர்றதுன்னா! பெற்றவர்களுக்கு விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் சபைக்கு ஒரு வேன் இருந்தது. மூப்பர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "வேன் கன்வென்ஷனுக்குப் பாட்டுக்காரங்கள ஏத்திக்கினு போவுதும்மா. நாங்க ஜெபம் பண்றோம்."

"ஜெபத்துக்கு நாலு சக்கரம் இருக்குதாங்கய்யா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு வேட்டி மாற்றினேன். மருந்தெல்லாம் எடுத்துக்கொண்டேன். அம்மா ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். "இப்போ இது இன்னாத்துக்கு? உன்னைத் தூக்கறதா, உன் பையைத் தூக்கறதா?" என்று கத்தினேன். அம்மா பையை விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மாட்டு வண்டியில் ஒரகடம் கூட்டு ரோடுவரை கொண்டுவந்து விட்டார். வெயில் கொளுத்தியது. பஸ் வந்தது. கண்டக்டர் அப்பாவைப் பார்த்தார். கோணிய வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இந்த நெலமைல ஏத்த முடியாதும்மா. வழில ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"சாவுக்குப் போறோம் சார். பொண்ணு சாவு."

விசில் கொடுத்துவிட்டார். போகிற பஸ்ஸின் பின்பக்கத்தை நான் கையால் அறைந்தேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

வெகுநேரம் கழித்து ஒரு செங்கல் லாரி நின்றது. குன்றத்தூருக்குத்தான் லோடு. டிரைவர் ஒன்றுமே கேட்கவில்லை. கல் ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர் இறங்கி அப்பாவை அப்படியே தூக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். அம்மாவையும் என்னையும் ஏற்றிவிட்டு அவர்கள் கல்லின்மேல் போய் உட்கார்ந்தார்கள். ஆண்டவர் கதவைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். பாதி தூரம் போனதும் டயர் வெடித்தது.

அப்போதே மூன்று மணி ஆகிவிட்டது. டிரைவர் வியர்வை வழிய ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகி மூச்சு விசில் அடித்தது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்திருப்பாங்களா?" என்று அந்தக் கண் கேட்டது. நான் ரோட்டோரப் புளிய மரத்தடிக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் ஜெபம் பண்ணினேன். முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துச் சண்டை போட்டேன்.

"உமக்கு இரக்கம் இருக்குதா, இல்லையா? அவளைக் காப்பாத்தல. சரி. நோவுன்னு தெரியக்கூட வுடல. சரி. வேன் குடுக்கல, பஸ்ஸு குடுக்கல, குடுத்த லாரியையும் ஒடச்சிட்டீர். இன்னும் இன்னா பாக்கி? பெத்தவங்க அவ மொகத்தப் பாக்கணும். அந்தப் பெட்டிய மூட வுடாதேயும். அவ்ளோதான் கேக்கறேன். இதுவும் முடியாதுன்னா இனிமே உம்ம வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

இப்படித்தான் ஜெபித்தேன். ஆமென் என்றுகூடச் சொல்லவில்லை.

குன்றத்தூர் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. தெருமுனையில் லாரி நின்றது. பாட்டுச் சத்தம் இல்லை, அழுகைச் சத்தம் இல்லை. தெருவே அடங்கிக் கிடந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கல் ஏற்றும் ஆட்களில் ஒருவர் அப்பாவின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார்.

வாசல் பந்தலில் பெட்டி இருந்தது. திறந்தபடி இருந்தது! மூடி சுவரில் சாய்ந்திருந்தது. பெட்டிக்கு அடியில் ஐஸ் பார் உருகித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் ஒரு அம்மாள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம். அவரைச் சுற்றி அந்தத் தெருப் பெண்கள். எதிரில் அவர்கள் சபைப் போதகரும், அக்கா புருஷனான மாமாவின் அண்ணனும் முகம் சிவந்து நின்றார்கள். மாமா ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாள் வேதவல்லி, அக்காவுக்குப் பக்கத்து வீடு. பெட்டியை மூட மூடியைத் தூக்கியதும் வந்து உட்கார்ந்தவர், அதுவரை எழுந்திருக்கவே இல்லையாம்.

"பொறந்த வூட்டுக் கோடிப் பொடவ வராம பொம்பளய எடுப்பியா? இன்னா மனுசன்யா நீ?" என்று கேட்டாராம்.

"எங்களுக்கு அந்தக் கோடியெல்லாம் கெடையாது. நாங்க கிறிஸ்துவங்க" என்றிருக்கிறார் மாமாவின் அண்ணன்.

"உனக்கு இல்லன்னா உன்ன எடுக்க சொல்லோ போட வாணாம். இவளுக்கு வந்தாவணும்."

இது அஞ்ஞானப் பழக்கம் என்று போதகர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். "நீ சொல்றது செரியா கூட இருக்கலாம் சாமி. ஆனா நான் எழுந்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். பெட்டியைத் தூக்க வேண்டிய தெரு ஆண்களும் அவர் பேச்சைக் கேட்டு ஒதுங்கிவிட்டார்கள். ஐஸ் வாங்கிப் போட்டதும் அவர்தான்.

எங்களைப் பார்த்ததும் அவர் வழிவிட்டார். "வாம்மா. எங்க கோடி? போடு."

கோடியா? அதையெல்லாம் விட வேண்டும் என்று எங்கள் சபையிலும் பிரசங்கித்திருந்தார்கள், நாங்களும் விட்டிருந்தோம். கிளம்பும்போது எனக்கு அந்த நினைப்பே இல்லை. அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். என் கையில் அப்பாதான் இருந்தார்.

அம்மா பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துணிப்பையைத் திறந்தார். உள்ளே மடிப்புக் கலையாத ஒரு பச்சைப் புடவை.

"ஈஸ்டருக்கு வருவான்னு எடுத்து வச்சேன்டி" என்று மூச்சு வாங்க என்னிடம் சொன்னார். "திட்டாத."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. வேதவல்லி அக்காவும் அம்மாவும் சேர்ந்து அந்தப் புடவையைப் போர்த்தினார்கள். அப்பா இடது கையால் லில்லியின் கன்னத்தைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். "நேரமாவுது" என்று மாமாவின் அண்ணன் வாயெடுத்தார். அவரைப் பார்த்து நான் கேட்டதை இந்தச் சாட்சியில் எழுத முடியாது. போதகர் கையைக் கட்டிக்கொண்டு, அப்பா கையை எடுக்கும்வரை காத்திருந்தார். அதற்காக அவருக்கு நன்றி.

அடக்கம் முடிந்தபின் வேதவல்லி அக்காவிடம் கேட்டேன், எங்களை முன்பின் தெரியாதே, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று.

"கடசியா கண்ணெல்லாம் மஞ்சளா வச்சிக்கினு, எங்கம்மா வந்துடுவாங்க இல்லக்கான்னு கேட்டுக்கினே இருந்தா. வருவாங்கடின்னு சொல்ட்டேன். சொன்ன வாய்க்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பிரியமானவர்களே, என் அப்பா எழுந்து நடக்கவில்லை. அம்மாவின் இழுப்பு நிற்கவில்லை. அக்கா உயிரோடு வரவில்லை. அப்படிப்பட்ட சாட்சிக்குக் காத்திருந்தவர்கள் என்னை மன்னியுங்கள். மூட வுடாதேயும் என்று கேட்டேன், அவர் மூடவிடவில்லை. யாரை உட்கார வைப்பது என்று அவர் சபைக் கணக்குப் பார்க்கவில்லை. நாம்தான் பார்க்கிறோம். வேனை வைத்துக்கொண்டு ஜெபம் மட்டும் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை எடுத்துப்போடும் என்று நான் ஜெபிப்பதில்லை.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் இறந்தாலும் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவேன். எந்த சாமியைக் கும்பிட்டவள் என்று கேட்பதில்லை. போன வருஷம் சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்கு இருந்த ஒரு கம்பெனிப் பெண் காய்ச்சலில் இறந்தாள். தருமபுரிப் பக்கம். வீட்டுக்காரர் சீக்கிரம் எடுங்கள் என்று குதித்தார். "அவங்கம்மா வரட்டும்" என்று உட்கார்ந்தேன். என்னவெல்லாமோ பேசினார். பேசட்டும் என்று இருந்தேன்.

உங்களுக்கும் ஆண்டவர்மேல் கோபமா? அதோடேயே அவரிடம் போங்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டே கேளுங்கள், கேட்பார். கேட்டு முடித்ததும் எங்கேயாவது ஒரு பெட்டி தலைமாட்டில் ஆளில்லாமல் கிடக்கும். அங்கே போய் உட்காருங்கள். தருமபுரியிலிருந்து அந்தக் கம்பெனிப் பெண்ணின் தாய் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. நெஞ்சோடு ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வழிவிட்டேன்.