வரைபடத்தாளில் அப்பாவின் சர்க்கரை

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதனால் எந்தத் தாள் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அப்பாவின் சர்க்கரைப் பரிசோதனை முடிவும் அப்படித்தான் வந்தது.

குற்றாலம் போகிற சாலையில் அப்பா பழக்கடை போட்டிருந்தார். சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான். மற்ற மாதங்களில் கொய்யா, வாழை. சர்க்கரை இருப்பது தெரிந்ததும், மாத்திரை எழுதிக் கொடுத்து, மாதம் ஒருமுறை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கச் சொன்னார் தென்காசி டாக்டர். எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து முதல் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வருவார். மத்தியானம் நான் போய்த் தாளை வாங்கி வந்து, கடைக்கு முன்னால் நின்றே பிரிப்பேன்.

"என்னட்டி, பாஸா?"

"பாஸ்தான். நூறுக்குள்ள இருக்கு."

"பாத்தியளா அண்ணாச்சி, எம்மவ சொல்லிட்டா" என்பார், பழம் வாங்க நிற்பவரிடம்.

"அப்போ ஒரு பழத்தத் தின்னுட்டுச் சொல்லும், இனிப்பா புளிப்பான்னு" என்பார் அவர்.

அப்பா ஒரு மங்குஸ்தானைப் பிளந்து சுளையை வாயில் போடுவார். தான் தின்று காட்டாமல் பழம் விற்க அவருக்குத் தெரியாது.

நான் பி.எஸ்சி. கணக்கு. எட்டு மாத முடிவுகளையும் வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணைத்தேன். கோடு ஏறக்குறைய நேராகப் போனது. பீரோ கதவின் உள்பக்கம் அதை ஒட்டினேன். கோட்டின் நுனியிலிருந்து அடுத்த வருஷத்துக்கும் பென்சிலால் புள்ளிக்கோடு இழுத்து வைத்தேன். யாரும் கேட்கவில்லை. பெருமைக்காக இழுத்தேன்.

பரிசோதனைத் தேதியைச் சுற்றி அப்பா காலண்டரில் வட்டம் போடுவார். அதற்கு ஒரு வாரம் முன்னால் மாத்திரை டப்பா வெளியே வரும். கடைசி மூன்று நாள் அரை வயிற்றுக்குக் கேப்பைக் கூழ், காலையில் பாகற்காய்ச் சாறு, ராத்திரி பட்டினி.

"உங்கப்பாவுக்குப் பரீட்சை வந்துட்டு, பாடம் படிக்காரு" என்று அம்மா சிரிப்பாள். நானும் சிரித்தேன். கல்லூரியில் நானும் கடைசி வாரம் படித்துத்தான் பாஸானேன். அதை வீட்டில் பீற்றிக்கொண்டவளும் நான்தான். இரத்தம் கொடுத்த கையோடு அப்பா பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் பூரி சாப்பிட்டுவிட்டு வருவார். மாத்திரை டப்பா மறுபடி பீரோவுக்குள் போய்விடும்.

மாதம் முடிந்த பிறகும் அட்டைகளில் மாத்திரைகள் உடைக்கப்படாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எண்ணிப் பார்க்கவில்லை. தாளில் எண் சரியாக இருந்தது.

இந்தச் சீசனில் சாரல் விடாமல் பெய்தது. நாள் முழுக்க ஈரத்தில் நின்றதில் அப்பாவின் கால் பெருவிரலுக்கு அடியில் தோல் கிழிந்திருக்கிறது. வலி இல்லாததால் அவருக்கே தெரியவில்லை. கடையில் அவர் கால் வைக்கும் சாக்கில் சீழைப் பார்த்துவிட்டு அம்மாதான் கூப்பாடு போட்டாள்.

டாக்டர் இந்த முறை வேறொரு பரிசோதனை எழுதினார். "வெறும் வயித்துல எடுக்கறது அன்னைக்குக் காலைல எப்படி இருந்தீங்கன்னு சொல்லும். இது மூணு மாசமா எப்படி இருந்தீங்கன்னு சொல்லும்" என்றார். பதினொன்றுக்கு மேல் இருந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம்.

அப்பாவுக்கு நியாயமே இல்லாத கேள்வித்தாள் வந்த மாதிரி இருந்தது. "முன்னாலயே சொல்லியிருந்தா மூணு மாசமும் ஒழுங்கா இருந்திருப்பேன்லா?"

விரலை எடுத்துவிட்டார்கள். பாதமாவது நிற்குமா என்று பார்க்கக் காலில் இரத்த ஓட்ட ஸ்கேன் எடுத்தார்கள். அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். எல்லா வார்த்தையும் புரிந்தது.

"கால் தப்பிச்சிருமா டாக்டர்?"

"ரத்த ஓட்டம் சுமாரா இருக்கும்மா. இதே அளவுல ஆறினவங்களும் இருக்காங்க, ஆறாதவங்களும் இருக்காங்க. அப்பா எதுல வருவார்னு ஸ்கேன் சொல்லாது. பாப்போம்."

எட்டு மாதமாக ஒரே எண்ணைப் பார்த்து நான் அடுத்த வருஷத்துக்கே கோடு இழுத்தவள். டாக்டர் நாளைக்குக்கூட இழுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் நர்ஸ் இன்சுலின் போட்டுவிட்டு, உடனே சாப்பிட வையுங்கள் என்று சொல்லிப் போனார். நான் நான்கு இட்லி வாங்கி வந்திருந்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு அப்பா இலையைத் தள்ளினார்.

"போதும். காலைல ரத்தம் எடுக்க வருவாக."

"எப்பா, ஊசி போட்டாச்சு. சாப்பிடாட்டி மயக்கம் வரும்."

"நீ சும்மா இருட்டி. இதுலயாவது பாஸாகணும். இல்லன்னா காலை எடுத்துருவாக."

ஒரு நாள் எண்ணை வைத்துக் காலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய மாட்டார்கள் என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். எட்டு மாதமாக எண்ணைச் சொல்லிப் பாஸ் போட்டவளே நான்தானே. இட்லியைச் சட்னியில் பிசைந்து அவர் வாய் அருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு நெற்றி வேர்த்தது. கை நடுங்கியது. நான் ஓடினேன்.

நர்ஸ் வந்து விரலில் குத்தி மெஷினில் பார்த்தார். ஐம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம். குளுக்கோஸைக் கரைத்து அவசரமாக வாயில் ஊற்றினார். பாதி வழிந்தது. அப்பா கண் செருகியபடியே கேட்டார்:

"எவ்ளோட்டி?"

"ஐம்பத்திரண்டுப்பா."

வழிந்ததைத் துடைக்கக்கூட விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குறைஞ்சிருக்குல்லா? பாஸ்தான?"