பென்டிரைவில் வந்த சாக்சபோன்

முதலாளியைச் சந்தேகப்பட எனக்குக் காரணங்கள் இருந்தன. ஒன்று, கல்யாணக் கச்சேரிகளில் பல வருடம் சாக்சபோன் வாசித்தவர் என்பார்கள். ராஜபாளையத்தில் இந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோவைத் தொடங்கித் தயாரிப்பாளரான பிறகு அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு, ஆண்டாள் பாட்டுக்கான வாசிப்பை வீட்டிலேயே பதிவு செய்து பென்டிரைவில் கொண்டுவந்தார். ஸ்டுடியோ இருக்கும்போது வீட்டில் எதற்கு? மூன்றாவதுதான் என்னை உறுத்தியது. தாலாட்டுப் போலப் போகும் மெட்டு நடுவில் அறுந்து, சாக்சபோன் திடீரென்று பிளிறியது. யாருடைய கல்யாண வீடியோவிலிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வெளியாக வேண்டிய ஆல்பம். ‘ஒலிப்பதிவு’ என்று என் பெயர் வரப்போகும் முதல் ஆல்பமும் அதுதான். திருட்டு வாசிப்பின் கீழே அது வரக்கூடாது.

“அண்ணாச்சி, ஒரு எடத்துல சத்தம் தெறிக்குது. இங்கயே வாசிச்சிருவமா?”

“ஏம்மா, நம்பிக்கை இல்லையோ?”

“சத்தம் சரியில்ல. அம்புட்டுதான்.”

மறுநாள் பெட்டியோடு வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. நினைத்தது சரிதான் என்று எண்ணும்போதே மெட்டு பிடிபட்டது. அதையும் நான் நம்பவில்லை, கேட்டுப் பழகியிருக்கலாம். மைக் சற்று விலகியிருந்தது. செத்த நேரம் நிறுத்தச் சொல்லி விரலை உயர்த்தினேன்.

அவ்வளவுதான். பாதி மெட்டை அப்படியே விட்டுவிட்டுப் பிளிறினார். மீட்டர் சிவப்புக்குப் போனது.

“விரலத் தூக்காதம்மா!” வாயை எடுத்துவிட்டுச் சிரித்தார். “தாலி கட்டுறாகன்னு கெட்டிமேளம் தானா வந்துருது.”

தாலி ஏறும் நேரத்தில் யாராவது விரலை உயர்த்தினால், எந்தப் பாட்டில் இருந்தாலும் விட்டுவிட்டு ஓங்கி வாசிக்க வேண்டும். அபசகுனமாக ஒரு சொல்லும் மாப்பிள்ளை பெண் காதில் விழக்கூடாது.

“வீட்ல யாரு விரலத் தூக்கினா?”

“உங்க மதினிதான். காப்பிக்கு சீனி ஒரு கரண்டி போதுமான்னு கேட்டா.”

“அத வெட்டாமலா கொண்டாந்திய?”

“நீதான இன்ஜினியரு, வெட்டிருவன்னு விட்டுட்டேன்.” பிறகு குரல் தணிந்தது. “பழக்கம் விட்டுப்போச்சும்மா. ஒனக்கு முன்னால வாசிக்க வெக்கமா இருந்துச்சு.”

அவர் டீக்குப் போனதும் இரண்டு பிளிறல்களையும் கணினியில் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். அதே சுரங்கள், அதே அவசரம், மூச்சு எடுக்கும் இடம்கூட அதேதான். பென்டிரைவுப் பதிவிலிருந்து பிளிறலை வெட்டினேன். ‘சாக்சபோன், தயாரிப்பு’ என்று அவர் பெயரைப் போட்டு, கீழே என் பெயரைச் சேர்த்தேன்.