மூன்றாம் வகுப்பின் ஏழாவது பாடம்

ஒவ்வொரு பருவமும் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு தாள் தயாராகும். வரப்போகும் பருவத்தில் பிள்ளைகள் என்னென்ன படிக்கப்போகிறார்கள் என்று அதில் இருக்கும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கயானாவில் எங்கள் பொமரூன் ஆற்றுப் பக்கம் ரோடு கிடையாது. தாள் பிள்ளைகளோடு படகில் போகும், பாதி நனைந்து திரும்பி வரும். அதை யாரும் உட்கார்ந்து படித்ததாக எனக்கு நினைவில்லை. நான் அப்போது முதல் வகுப்பு டீச்சர்.

அந்த ஜனவரியில் மட்டும் மூன்றாம் வகுப்புத் தாளை ஆற்றின் இரு கரையும் படித்தது.

பெருக்கல், பின்னம், கடிதம் எழுதுவது, செடியின் பாகங்கள், கயானாவின் ஆறுகள், சேர்ந்து பாடுவது என்று ஆறு வரிகள் டைப் அடித்திருந்தது. அதற்குக் கீழே மிஸ் ஹைண்ட்ஸ் பேனாவால் ஏழாவதாக ஒன்று எழுதியிருந்தார்: "நீச்சல். புதன்கிழமைதோறும், பள்ளிப் படகுத்துறையில்."

வெரோனிக்கா ஹைண்ட்ஸுக்கு நாற்பத்தாறு வயது. ஜார்ஜ்டவுனில் பிறந்து, மாற்றலில் இங்கே வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. உயரமான, குரல் கனத்த பெண்மணி. அவர் வகுப்பில் பென்சில் விழுந்தாலும் கேட்கும். பதினாறு வருஷம் ஆற்றங்கரையில் இருந்தும் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நவம்பர் வரைக்கும் அதைப் பற்றி யாரும் யோசித்ததுமில்லை.

நவம்பரில் ஒருநாள் பள்ளி விட்ட நேரம். தென்னந்தோப்பு ஹேம்ராஜின் மூத்த பெண் ரீனா, பத்து வயது, படகில் ஏறினாள். ஒரு கால் படகின் விளிம்பில், ஒரு கால் துறைப் பலகையில். தலையைத் திருப்பி மிஸ் ஹைண்ட்ஸிடம் ஏதோ பேசிக்கொண்டே ஏறியவள், படகு விலகவும் நடுவில் விழுந்துவிட்டாள். மிதவைச் சட்டைகள் படகுக்குள் குவியலாகக் கிடந்தன; இன்னும் யாரும் போட்டுக்கொள்ளவில்லை. ஆற்று நீர் கடலுக்கு வடியும் வற்று நேரம், இழுப்பு பலமாக இருந்தது. படகோட்டும் ஆல்பா பின்னால் என்ஜினிடமிருந்து எழுந்து குதித்தாள். மிஸ் ஹைண்ட்ஸ் ஒரு கை தூரத்தில் நின்றார். கையை நீட்டினார். கத்தினார். அந்தக் கத்தல் வகுப்பறையில் இருந்த எனக்குக் கேட்டது.

நாற்பது நிமிஷம் கழித்துத்தான் ரீனா கிடைத்தாள்.

எட்டு நாள் மிஸ் ஹைண்ட்ஸ் பள்ளிக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்தவர் நேராகப் படகுத்துறைக்குப் போனார்.

"ஆல்பா, எனக்கு நீஞ்சக் கத்துக்குடு."

ஆல்பா லா க்ரூஸ் அரவாக் பழங்குடிப் பெண். நடக்கப் பழகும் முன்னே நீந்தப் பழகியவள். மிஸ்ஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த வயசுலயா மிஸ்? எலும்பெல்லாம் ஒப்புக்குமா?"

"ஒப்புக்கலன்னா உடைச்சுக் கத்துக்குடு."

டிசம்பர் விடுமுறை முழுக்கக் காலை வேளைகளில் இருவரும் ஓடைப் பக்கம் போனார்கள். ஆற்றுத் தண்ணீர் கட்டன் தேநீர்போல் இருக்கும். இடுப்புக்குக் கீழே தன் உடம்பே தெரியாது. முதல் நாள் மிஸ் ஹைண்ட்ஸ் கழுத்தளவு தண்ணீரில் நின்று நடுங்கியதை நான் பார்த்தேன். இரண்டாம் நாள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரையில் வாந்தி எடுத்தார். மூன்றாம் நாளும் போனார்.

தாள் வீடுகளுக்குப் போன மறுநாளே தலைமையாசிரியர் பெய்ன் அவரைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

"யாரைக் கேட்டு எழுதினீங்க? ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

"ஏற்கெனவே ஒண்ணு ஆயிருச்சு சார்."

"அந்த வரியை அடிச்சிருங்க."

"பெற்றோர் வந்து அடிக்கச் சொல்லட்டும். அடிச்சிர்றேன்."

அப்படித்தான் கூட்டம் கூடியது. ஐந்தாம் வகுப்பறையில் பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஹேம்ராஜ் மட்டும் உட்காரவில்லை. அவருடைய இளைய பெண் மெலிசா மூன்றாம் வகுப்பு. மனைவி பூல்மட்டி கடைசி பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஹேம்ராஜ் கேட்டார்: "மிஸ், உங்களுக்கு நீஞ்சத் தெரியுமா?"

"கத்துக்கிட்டு இருக்கேன்."

"அன்னைக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் மிஸ் ஹைண்ட்ஸ்.

"நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? என் பிள்ளை போகும்போது நின்னு பார்த்தீங்க. இப்ப மிச்சம் இருக்கிற ஒண்ணையும் அதே தண்ணியில எறக்கணுமா? எந்த வாயால கேக்கிறீங்க?"

வகுப்பை அதட்டி நடத்தும் அந்தக் குரல் எங்கே போனதோ. மிஸ் ஹைண்ட்ஸ் மெதுவாகச் சொன்னார்: "நின்னேன். அதனாலதான் கேக்கிறேன்."

பெய்ன் பேனாவை எடுத்தார், வரியை அடிக்க. அப்போது ஆல்பா வாசலில் இருந்து குரல் கொடுத்தாள்.

"மிஸ் நாயி நீஞ்சுற மாதிரிதான் நீஞ்சுறாங்க, பார்த்தா சிரிப்பு வரும். ஆனா முங்க மாட்டாங்க. பிள்ளைங்களுக்கு நான் சொல்லித் தர்றேன். வேண்டாங்கிறவங்க நாளையில இருந்து வேற படகு பாத்துக்குங்க. நீஞ்சத் தெரியாத பிள்ளையை ஏத்திட்டுப் போக இனி எனக்கு நெஞ்சு தாங்காது."

பத்தொன்பது பிள்ளைகளில் பதினோரு பேருக்குக் கையெழுத்து விழுந்தது. ஹேம்ராஜ் போடவில்லை.

நீர் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் நேரம் பார்த்து வகுப்பு நடந்தது. துறையின் ஒரு பக்கம் தண்ணீருக்கடியில் தரை மேடாக இருக்கும். அங்கே இரண்டு கம்பங்களுக்கு இடையில் கயிறு கட்டி, பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளிப்பக்கம் இரண்டு அப்பாக்கள் தோணியில் காவல். ஆல்பா முதல் இரண்டு வாரமும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்தாள்.

"விழுந்தா எதுவும் செய்யாதே. கையை விரி, வயித்தை மேல தூக்கு, வானத்தைப் பாரு. சண்டை போட்டா தண்ணி ஜெயிக்கும். படுத்தா தூக்கி வச்சிக்கும்."

மிஸ் ஹைண்ட்ஸ் பிள்ளைகளோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். கரையில் நின்ற நான் பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பேன். பதினொன்று. மறுபடி பதினொன்று. யாராவது தும்மினால்கூட முதலிலிருந்து எண்ணுவேன்.

மூன்றாவது புதன்கிழமை எண்ணியபோது பன்னிரண்டு வந்தது. பூல்மட்டி தானே துடுப்புப் போட்டு மெலிசாவைக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். தாளில் அவளுடைய கோணல் கையெழுத்து.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா விடுவாரா டீச்சர்?"

ஆல்பா மெலிசாவுக்கு அந்த முதல் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வளைவில் என்ஜின் சத்தம் கேட்டது. ஹேம்ராஜ். படகின் மூக்கு தூக்கியிருந்தது. அவர் நின்றபடியே ஓட்டிவந்தார். "மெலிசா! ஏறுடி மேல!" என்று கத்தியது என்ஜினையும் மீறிக் கேட்டது. ஆல்பா இரு கையையும் ஆட்டி, "மெதுவா! மெதுவா!" என்றாள். அவர் கடைசியில் என்ஜினை நிறுத்தினார். ஆனால் பின்னால் வந்த அலை நிற்கவில்லை. அது துறையில் மோதித் திரும்பிக் கயிற்றின் மேல் ஏறியது.

பிள்ளைகள் அலறினார்கள். நான் எண்ணினேன். பதினொன்று.

மெலிசா கயிற்றுக்கு வெளியே இருந்தாள். மேடு முடிந்து ஆழம் தொடங்கும் இடம். ஆல்பாவின் கழுத்தில் இரண்டு பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள், அவளால் நகர முடியவில்லை. காவல் தோணி அலையில் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. ஹேம்ராஜ் படகில் நின்று இரு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் நீந்தத் தெரியாது. அதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம்.

மெலிசாவின் தலை உள்ளே போனது. வந்தது. வாயைத் திறந்தாள்.

"வானத்தைப் பாரு!" அது மிஸ் ஹைண்ட்ஸின் வகுப்பறைக் குரல். "மெலிசா! வயித்தைத் தூக்கு! வானத்தைப் பாரு!"

சொல்லிக்கொண்டே அவர் கயிற்றைத் தாண்டியிருந்தார். பாவாடை பலூன்போல் உப்பியது. தலையை நிமிர்த்தி, கையைத் தட்டித் தட்டி, ஆல்பா சொன்ன அதே நாய் நீச்சல். யாரும் சிரிக்கவில்லை. குழந்தை கையை விரித்தாள். வயிறு மேலே வந்தது. சின்ன முகம் கருப்புத் தண்ணீரின் மேல் தட்டுப்போல் நின்றது. மிஸ் ஹைண்ட்ஸ் அவள் சட்டைக் காலரைப் பிடித்தார். பன்னிரண்டு.

இரண்டு பேரையும் தோணி இழுத்துக்கொண்டது. மெலிசா இருமிவிட்டு, "நான் சண்டை போடல மிஸ்," என்றாள்.

ஹேம்ராஜ் மகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். பெய்ன் அன்று மாலையே வகுப்பை நிறுத்துவதற்குக் கடிதம் எழுதினார். ஆனால் அடுத்த புதன் அவர் அதைக் கொடுப்பதற்குள் ஹேம்ராஜின் படகு துறைக்கு வந்துவிட்டது. மெலிசாவை இறக்கிவிட்டு, என்ஜினைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்துவிட்டு, படகிலேயே உட்கார்ந்தார். பெய்ன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஹேம்ராஜ் கையெழுத்து மட்டும் கடைசிவரை போடவில்லை. ஆனால் எல்லாப் புதனும் வந்தார்.

அதன் பிறகு இன்னும் சில வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஈஸ்டர் விடுமுறைக்குள் பத்தொன்பதில் பதினான்கு பேர் துறையிலிருந்து தோணிவரை நீந்தினார்கள். மெலிசாவுக்கு மிதக்க வரும். முகத்தைத் தண்ணீரில் வைக்க மட்டும் மாட்டாள்.

பருவத்தின் கடைசி நாள். பிள்ளைகள் போன பிறகு நான் வகுப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். மிஸ் ஹைண்ட்ஸ் வராந்தாவில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஹேம்ராஜ் படியேறி வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ரீனா திரும்பி உங்ககிட்ட ஏதோ சொல்லிக்கிட்டே ஏறினாளாமே. என்ன சொன்னா?"

மிஸ் ஹைண்ட்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். ஐந்து மாதமாக இந்தக் கேள்வி வரும் வரும் என்று காத்திருந்தவர்போல் இருந்தது அவர் முகம்.

"'மெலிசா மத்தியானம் ரொட்டியைத் தொடவே இல்ல மிஸ். நீங்க திட்டாதீங்க, நான் படகுல ஊட்டிக்கிறேன்'னு சொன்னா."

ஹேம்ராஜ் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆற்றைப் பார்த்தார்.

"அவ அப்படித்தான்," என்றார். "எப்பவும் அப்படித்தான்."

மிஸ் ஹைண்ட்ஸ் நோட்டுகளை ஒதுக்கிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் சத்தம் வராமல் கடைசிப் பூட்டைப் போட்டேன்.