காலியாகத் திரும்பாத தூக்கு

நாங்கள் இப்போது வாழும் இங்கிலாந்துச் சிற்றூரில் பாத்திரம் காலியாகத் திரும்பி வருகிறது. பொங்கலன்று பக்கத்து வீட்டு டெரிக்குக்கு எவர்சில்வர் தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். டெரிக் பஸ் ஓட்டுகிறவர், தனியாள். மறுநாள் காலை வாசற்படியில் தூக்கு இருந்தது. பளபளவென்று கழுவி, உள்ளே நன்றி சொல்லி ஓர் அட்டை. ஒரு பிடி சீனி? ஒரு வாழைப்பழம்? ஒன்றையும் காணோம். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "அட்டையைத் தின்னவா முடியும்?" என்று கத்தினேன். நர்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி செல்வி சிரித்தாள். "அவருக்கு எப்படிங்க தெரியும்? வாத்தியார்தானே நீங்க, சொல்லிக் குடுத்தீங்களா?"

அந்த 'வாத்தியார்' சுருக்கென்று தைத்தது. அதற்குக் காரணம் எங்கள் மகள் இனியா. ஐந்து வயது. வீட்டில் தமிழில் வாய் ஓயாது. பள்ளியில் சேர்ந்து நான்கு மாதமாக ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசவில்லை. ஈஸ்டருக்குள் வாய் திறக்காவிட்டால் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைக்க வேண்டியிருக்கும் என்று டீச்சர் தன்மையாகத்தான் சொன்னார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவன் நான். பெற்ற பிள்ளையிடம் தோற்று நின்றது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் கீழப்பழுவூர். இங்கே வருவதற்கு முன் லப்பைக்குடிக்காட்டில் ஆறு வருஷம் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியராக இருந்தேன். இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால் பனிமனிதன் நிற்பான். பிள்ளைகள் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அதில் சலீமாதான் முதலிடம். அவள் அத்தா குவைத்தில் இருந்தார். ஒரு நோன்பு மாதம், பஸ்ஸுக்கு நின்ற என்னிடம் ஓடி வந்து, பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தூக்கோடு நீட்டினாள். மறுநாள் எங்கள் வீட்டுப் பொரி உருண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பே அவளைச் சுற்றிக்கொண்டது. "உள்ள என்னாடி? காட்டுடி!" பாடத்தில் ஒரு கேள்வி கேட்டறியாத வாய்கள்! "இங்கிலீஷ்ல கேளுங்க, தொறக்கச் சொல்றேன்" என்றேன்.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் தூக்குக் கும்மி. வட்டமாக நின்று கும்மியடித்தபடி, "வாட் இஸ் இன் த பாட்?" என்று பாடுவார்கள். தூக்கு கைமாறிக்கொண்டே போகும். வாங்கியவர் சும்மா தள்ளிவிட முடியாது. ஒரு புளியங்கொட்டையாவது போட்டு, அதன் பெயரை இங்கிலீஷில் சொல்லியாக வேண்டும். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சளும், பெருநாளுக்குச் சேமியாவும் பேரீச்சையும், கிறிஸ்துமஸுக்குக் கேக்குமாகப் பாட்டு நீண்டது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "இது பாடமா, திருவிழாவா சார்?" என்றார். "ரெண்டுந்தான் சார்" என்றேன். கும்மியடிக்கவா பிள்ளையை அனுப்பினோம் என்று சண்டைக்கு வந்த சலீமாவின் அம்மா, ஜன்னலோரம் நின்று, மகள் "டேட்ஸ் ஃப்ரம் குவைத்" என்று பாடுவதைக் கேட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த சண்டையை மறந்து போய்விட்டார். நான் வெளிநாடு கிளம்பிய அன்று அவர் அதே தூக்கில் சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினார். அவசரத்தில் தூக்கைத் திருப்பித் தர முடியவில்லை. எங்களோடு விமானம் ஏறிவிட்டது.

அந்தத் தூக்குதான் டெரிக் வீட்டுக்குப் போய் வந்தது. செல்வி சொன்னது உறுத்த, அடுத்த சனிக்கிழமை சுண்டல் போட்டு மறுபடி கொடுத்தேன். விஷயத்தை விளக்கத்தான் போனேன். வாசலில் நின்றதும் கூச்சம் வந்து, "வெரி டேஸ்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். மகளுக்குச் சலீமா கதையைச் சொல்லி, கும்மியும் ஆடிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கிலீஷ் மட்டும் வரவில்லை.

ஞாயிறு காலை டெரிக்கே தூக்கோடு வந்தார். கதவைத் திறந்தவள் இனியா. வாங்கியதும் மூடியைத் திறந்து பார்த்தாள். காலி. அப்பன் கோபம் அப்படியே அவள் முகத்தில் ஏறியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வாட் இஸ் இன் த பாட்? நத்திங்! யூ மஸ்ட் புட் சம்திங். சுகர் ஆல்சோ ஓகே!"

டெரிக் பதறிவிட்டார். பாத்திரம் சுத்தமாக இல்லையோ என்று நினைத்து, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியதாகச் சத்தியம் செய்தார். "நோ வாஷ்! புட்!" என்றாள் இவள். நான் சிரித்துக்கொண்டே எங்கள் வழக்கத்தைச் சொல்ல, மனுஷன் வீட்டுக்கு ஓடி, ஓர் உருளைக்கிழங்கும் நாலு டீ பேக்கும் போட்டு எடுத்து வந்தார். "பொட்டேட்டோ! டீ!" என்று அவரைச் சுற்றிக் கும்மியடித்தாள் என் மகள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

அவள் தூக்கைப் பள்ளிக்குக் கொண்டுபோக, ஈஸ்டருக்குள் வகுப்பே தூக்குக் கும்மி அடித்தது. டீச்சரும் ஒரு கேரட்டைப் போட்டார். கீழ்வகுப்புப் பேச்சு அதோடு நின்றது.

இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். டெரிக் கொடுத்த பிளம் ஜாமைத் தூக்கில் வைத்துச் சலீமா வீட்டில் சேர்ப்பதாகத் திட்டம். நேற்று இனியா கேட்டாள்: "இத அவங்ககிட்ட குடுத்துட்டா டெரிக்குக்கு எதுலப்பா குடுக்கறது?" பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த செல்விதான் சொன்னாள்: "சலீமா வூட்ல நம்மள வெறுங்கையோட அனுப்பிருவாங்களா? அதே தூக்குல எதையாவது போட்டு, டெரிக்குக்குக் குடுன்னுதான் சொல்லுவாங்க."

பெட்டியில் தூக்குக்கு இடம் விட்டிருக்கிறேன். திரும்பி வரும்போதும் அந்த இடத்தில் வேறெதையும் வைக்க மாட்டேன்.