வேப்பிலைக்குக் கீழே சாயம்

என் தங்கைக்கு இருபது வயதிலேயே பாதித் தலை நரைத்துவிட்டது. ஆனையூரில் எங்கள் தெருக்காரர்களுக்குப் பேச வேறு விஷயம் இல்லை. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அந்தத் தலையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாவதாக வாடிப்பட்டியிலிருந்து வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் மதுரைக்குப் போய்த் தலைச்சாயம் வாங்கி வந்தேன். யுத்தத்துக்கு முந்திய வருஷம் அது. சீமைச் சரக்கு. ஒரு பொட்டலத்தில் பொடி, அதைக் கரைக்கச் சின்னக் குப்பியில் தண்ணீர் மாதிரி ஒன்று.

கடைக்கார பாய் சொல்லித்தான் கொடுத்தார். "காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சுட்டு ரெண்டு நாள் பாருங்க தம்பி. அரிச்சாலோ தடிச்சாலோ தூக்கிப் போட்டுருங்க. எல்லா ஒடம்புக்கும் இது சேராது."

"சாயம் விக்கிறீகளா பாய், பயங்காட்டுறீகளா?"

"ரெண்டுந்தான்" என்று சிரித்தார்.

வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறுக்க நேரமில்லை, மறுநாளே வருகிறார்கள். அன்று ராத்திரியே தங்கைக்குப் பூசிவிட்டோம்.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தை தங்கையின் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "யாத்தே, எம்புட்டு முடி! எங்க வீட்ல ஒருத்திக்கும் இம்புட்டு இல்ல."

கல்யாணம் நிச்சயமானது. மறுநாள் தங்கைக்குக் காதோரமும் பிடரியும் அரித்துச் சிறுசிறு கொப்புளம் போட்டது. "அந்தப் பொம்பள கண்ணுதான்" என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நாலைந்து நாளில் அடங்கிவிட்டது. கண்ணேறு கழிந்தது என்று எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான்.

சாயம் பூசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் தடவை அரித்தால் அதோடு விட்டுவிடுங்கள். அடுத்த தடவை அது அரிப்போடு போகாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று நான் சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது வேரில் வெள்ளை தெரிந்தது. மறுபடியும் பூசினோம். நன்றாகப் பிடிக்கட்டும் என்று அம்மா மேலாகத்தான் அலசினாள். வலது புருவத்திலும் இரண்டு நரை இருந்தது. அதில் ஒரு குச்சியால் சாயத்தைத் தொட்டு வைத்தது நான்.

விடிந்தபோது அவள் முகம் அவள் முகமாக இல்லை. நெற்றி வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. தலையெல்லாம் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. காய்ச்சல் வேறு.

"ஆத்தா எறங்கியிருக்கா" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். வாசலில் வேப்பங்கொத்து ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. மருந்து கொடுக்கக் கூடாது. ஏழாம் நாள் வரை தலையில் தண்ணீர் படக் கூடாது.

அது அம்மை இல்லை என்று பார்த்தவுடனே எனக்குத் தெரியும். சாயம் பட்ட இடத்தைச் சுற்றித்தான் கொப்புளம். கையில் காலில் ஒன்றுகூட இல்லை.

தகவல் கேட்டு மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார். வேப்பிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுகொண்டார். "ஆத்தா வந்த வீட்ல என்ன அவசரம் மாப்ள? எறங்கிப் போகட்டும், அடுத்த முகூர்த்தத்துல வச்சுக்கிருவோம்."

"சரி மச்சான்" என்றேன். அம்மை என்றால் காத்திருப்பார்கள். சாயம் என்று சொன்னால் நரை வெளியே வந்துவிடும், கல்யாணம் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே அவள் கேட்டுக்கொண்டே கிடந்தாள். "அண்ணே, தல எரியுதுண்ணே. ஒரு செம்புத் தண்ணி ஊத்தச் சொல்லுண்ணே."

கிணறு வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. "ஆத்தா கோவிச்சுக்கிருவா, பொறு தாயி" என்று சொன்னது அம்மா இல்லை, நான்.

ஏழாம் நாள் தண்ணீர் ஊற்றியபோது முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. வலது கண்ணில் சீழ் வைத்திருந்தது. பிறகு வெள்ளை படர்ந்து பார்வை போய்விட்டது. வாடிப்பட்டிக்காரர்கள் ஒரு தடவை வந்து பார்த்தார்கள். மறுபடி வரவில்லை. வேறு யாரும் அவளைப் பார்க்க வரவில்லை.

மற்றக் கண்ணையாவது காப்பாற்று என்று அம்மா வெள்ளியில் கண்மலர் செய்து மாரியம்மன் கோயில் உண்டியலில் போடச் சொன்னாள். தங்கை தன் கையாலேயே போட்டாள். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கண்ணோட விட்டாளே ஆத்தா. உசுர எடுக்கலையே. இல்லண்ணே?"

"ஆமா தாயி" என்றேன்.

அதன் பிறகு முப்பது வருஷம் என் வீட்டில்தான் இருந்தாள், என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள், செத்தாள். அந்த முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.