சங்கத்தின் துணைத் தலைவர் கேட்டில் நிற்கிறார்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் அதை யாரும் சொல்வதில்லை. 'யாரைப் பாக்கணும்' என்றால்தான் தெரியும். தொழிலாளர் நல அலுவலகத்தின் வாசலில் காவலாளியாக நின்று, வருகிறவர்களையெல்லாம் அப்படிக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் வீட்டுக்கு வந்த சொந்த மைத்துனனிடமும் கதவைப் பாதி திறந்து அதையே கேட்டுவிட்டார். மைத்துனன் சும்மா இருப்பானா? பெயர் ஒட்டிக்கொண்டது.

காலை எட்டுக்கு நின்றால் இரவு எட்டு வரை நிற்க வேண்டும். மாற்று ஆள் வராவிட்டால் அதற்கு மேலும். உட்காரக் கூடாது என்பது அவரை வேலைக்கு வைத்த கான்ட்ராக்ட் கம்பெனியின் கட்டளை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்களாம். நின்றுகொண்டே தூங்க அவர் எப்போதோ பழகிவிட்டது கம்பெனிக்குத் தெரியாது.

மில்லிலிருந்தும் கடைகளிலிருந்தும் தினமும் ஆட்கள் புகார் கொடுக்க வருவார்கள். கூடுதல் நேரம் வேலை வாங்குகிறார்களா, மாடியில் இரண்டாவது அறை. திடீரென்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா, கீழே கடைசி அறை. எந்த அநியாயத்துக்கு எந்த அறை என்று அவருக்கு அத்துப்படி. அதில் ஓர் அறை தனக்கும் உண்டு என்று மட்டும் தோன்றியதே இல்லை.

ஒருநாள் காலை, பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் காவல் வேலை பார்க்கும் பெண் ஒருவர் அதே நிறச் சீருடையில் வந்து நின்றார்.

"யாரைப் பாக்கணும்?"

"பன்னெண்டு மணி நேரம் நிக்க வைக்கிறாங்கண்ணே. மனு கொடுக்கணும்."

"அடப்பாவமே. அது தப்பாச்சே. மாடியில ரெண்டாவது ரூம்."

அந்தப் பெண் இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினார். "நீங்க எத்தனை மணி நேரம்ணே நிக்கிறீங்க?"

"பன்னெண்டு" என்றார். சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது.

அன்று இரவு மனைவியிடம் சொன்னார். மனைவி முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கும் வேலை. "ஆத்து நடுவுல நின்னுக்கிட்டு தாகமா இருக்குன்னு சொல்லத் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த காலரை எடுத்தாள்.

காவலாளிகள் சங்கம் இப்படித்தான் தொடங்கியது. எல்லோரும் அக்கா என்று கூப்பிடத் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிப் பெண்தான் தலைவர். துணைத் தலைவருக்கு ஆள் தேடியபோது கூட்டம் மொத்தமும் குனிந்து தரையைப் பார்த்தது. இவர் மட்டும் பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்திருந்த ஒரே தலை என்பதால் பதவி அவருக்கே போனது.

எட்டு மணி நேர வேலையும் உட்கார நாற்காலியும் கேட்டு, தொழிலாளர் நல அலுவலகத்துக்கு ஊர்வலம் போவதென்று முடிவானது. துணைத் தலைவர் அன்றைக்கு லீவு கேட்டார்.

"அன்னைக்கா?" என்றார் கம்பெனி சூப்பர்வைசர். "அன்னைக்கு ஏதோ ஊர்வலம் வருதாம்யா. நீ கண்டிப்பா கேட்டுல இருக்கணும். துணைக்குப் பத்து காவலாளிங்கள அனுப்புறேன்."

அந்தப் பத்துப் பேரும் ஊர்வலத்தில் வந்தார்கள்.

அப்படியோர் ஊர்வலத்தை அந்தச் சாலை பார்த்ததில்லை. ஒருவர் பின் ஒருவராக, ஓரமாக, வண்டிகளுக்கு வழிவிட்டு நடந்தார்கள். ஒரு கார் ரிவர்ஸ் எடுக்க, நாலைந்து பேர் வரிசையை விட்டு ஓடிப்போய் "வரலாம் வரலாம்" என்று கை காட்டிவிட்டுத் திரும்பினார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் வேலையில்லாமல் நிழலில் ஒதுங்கினார். "நின்னு நின்னு காலு போச்சு, நியாயம் கேக்க நேரமாச்சு" என்று கோஷம் போட்டபடி ஊர்வலம் கேட்டை அடைந்தது.

கேட்டுக்கு உள்ளே துணைத் தலைவர் நின்றிருந்தார். வாய் தானாகத் திறந்தது.

"யாரைப் பாக்கணும்?"

ஊர்வலம் முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல், "பெரிய அதிகாரியைப் பாக்கணும்ணே" என்றார்.

"அஞ்சு பேருக்கு மேல விட முடியாதும்மா. உத்தரவு."

"சரிதான். அந்த அஞ்சுல நீங்க ஒருத்தர்."

அவர் யோசித்தார். பிறகு கேட்டைத் திறந்து வெளியே வந்து, மற்ற நால்வரோடு வரிசையில் நின்று, வருகைப் பதிவேட்டில் தன் பெயரையும் எழுதினார். உள்ளே போனால் கேட்டை யார் பார்ப்பது என்ற கவலை வந்தது. திரும்பிப் பார்த்தார். சாலை நிறையக் காவலாளிகள். விசிலைக் கழற்றி முன்னால் நின்றவரிடம் கொடுத்தார்.

பெரிய அதிகாரி அம்மாள் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "நீங்க நம்ம கேட்டுல நிக்கிறவர்தானே? யாராவது வந்திருக்காங்களா?"

"நான்தாம்மா வந்திருக்கேன். மனு கொடுக்க."

"யார் மேல?"

"கான்ட்ராக்ட் கம்பெனி மேல." அக்காவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இந்த ஆபீஸ் மேலயும்மா."

அம்மாள் மனுவை மெதுவாகப் படித்தார். ஒப்பந்தக்காரர் சட்டத்தை மீறினால் அவரிடமிருந்து ஆள் எடுத்து வேலைக்கு வைத்த அலுவலகமும் பதில் சொல்ல வேண்டும் என்ற விதியை அவரே பலருக்கு விளக்கியிருக்கிறார்.

"அப்ப நான் எனக்கே நோட்டீஸ் அனுப்பணுமா?"

"அனுப்புங்கம்மா" என்றார் அக்கா. "அண்ணன் கேட்டுலதானே இருக்காரு. வாங்கி உங்க கையில கொடுத்துடுவாரு."

அம்மாள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கியிருந்தார். அவரை இருபது காவலாளிகள் சூழ்ந்துகொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, யாரைப் பார்க்க வேண்டும், எதற்கு என்று மிக மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மறுவாரமே கம்பெனி அவரை ஊருக்கு வெளியே ஒரு சிமென்ட் குடோனுக்குத் தூக்கிப் போட்டது. அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்க எலி கூடக் கிடையாது. துணைத் தலைவர் பதவியை விட்டுவிடலாமா என்றுகூட மனைவியிடம் கேட்டார். "விடுங்க. விட்டா குடோன்லேருந்து வீட்டுக்கே அனுப்பிடுவான்" என்றாள் அவள். சங்கம் மறுபடி மறுபடி மனுவோடு போனது. பேச்சுவார்த்தை ஜவ்வு மாதிரி இழுத்தது. கடைசியில் அரசு அலுவலகங்களில் மட்டும் மூன்று ஷிப்ட் என்று உத்தரவு வந்தது. அவரும் பழைய கேட்டுக்குத் திரும்பினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் கடைகளுக்கும் இன்னும் வரவில்லை. அக்கா இன்னும் அலைகிறார்.

நாலு மணிக்கே வீடு திரும்பும் கணவனை என்ன செய்வதென்று மனைவிக்குத் தெரியவில்லை. முதல் வாரம் அவர் வாசலில் நின்றார். இரண்டாவது வாரம் காலர்களை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கக் கொடுக்கத்தான் கவனித்தார்: விடிந்ததும் மிதிக்கத் தொடங்கியவள் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது மனைவி மெஷினை நிறுத்தினாள். "வீட்டுல உக்காந்து தைக்கிறவங்களுக்குச் சங்கம் இருக்காக்கா?"

"ஆளு இருந்தா சங்கம்தான்."

இப்போது ஞாயிறுதோறும் அவள் கூட்டத்துக்குப் போகிறாள். போகும்போது அடுப்பில் உலை வைத்துவிட்டு, அரிசி எப்போது போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சோறு சில நாள் குழைகிறது, சில நாள் வேகாமல் நிற்கிறது. சாப்பிட்டுக்கொண்டே கூட்டத்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்று சொல்கிறாள். அவர் ஒரு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்.