எங்கள் வீட்டு மருந்து

அந்த இலையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதி அச்சில் வந்ததற்கே எங்கள் வீடு பட்டது போதும். ஜீவனஹள்ளியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சுவரோரம் அது கேட்பாரில்லாமல் முளைத்துக் கிடக்கும். ஆடுகூட வாய் வைக்காது. அதைக் கல்லுப்போடும் இன்னொரு சாமானோடும் சேர்த்து அரைத்துப் பூசினால், சோப்பிலும் சோடாவிலும் ஊறி வெடித்த விரல் புண் ஆறிவிடும் என்பது பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரிந்திருந்தது. அத்தை என்றால் உறவொன்றும் இல்லை. ஒரே காம்பவுண்டில் ஐந்து வீடு, ஐந்து வீட்டுக்கும் ஒரே குழாய், அதனால் அத்தை.

அத்தை ஒரு நர்சிங் ஹோமில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நல்ல வாய். குழாயடியில் அவர் பேச ஆரம்பித்தால் குடம் நிரம்பி வழிவதைக்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள். என் அம்மா காக்ஸ் டவுனில் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஒரு வருஷம் அம்மாவுக்குத் துணி சோப்பு ஒத்துக்கொள்ளாமல் விரலெல்லாம் வெடித்து, ஊசி பிடிக்க முடியாமல் போயிற்று. அத்தைதான் கிண்ணத்தில் அரைத்துக் கொண்டுவந்து, "கைய நீட்டுங்க டீச்சரம்மா, சும்மா அலட்டிக்காதீங்க" என்று பூசிவிட்டார். நர்சிங் ஹோமில் துணி துவைக்கிற பெண்கள் எல்லோரும் அதைத்தான் பூசுவார்களாம். புண் ஆறியது. அம்மா பழையபடி தைக்கப் போனாள்.

எங்கள் காம்பவுண்டில் ஒரு வாரப் பத்திரிகையை வாரம் ஒரு வீடாக முறை வைத்து வாங்குவார்கள். வாங்கிய வீடு படித்து முடித்ததும் அது மற்ற வீடுகளுக்குச் சுற்றிவரும். அதில் வாசகிகள் எழுதும் வீட்டுக் குறிப்புகளுக்கு ஒரு பக்கம் உண்டு. அம்மா அந்தப் பக்கத்துக்குத் தபால் கார்டு எழுதி எழுதியே ஓய்ந்துபோனவள். குக்கர் வாஷர் தளர்ந்தால் என்ன செய்வது, பட்டுப் புடவையில் எண்ணெய்க் கறை பட்டால் என்ன செய்வது, இப்படி எத்தனையோ. ஒன்றும் வரவில்லை. "எல்லாம் அவங்களுக்கு வேண்டப்பட்டவங்களோடதாதான் இருக்கும்" என்று கரித்துக்கொட்டுவாள். தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெயர் வந்தேவிட்டது. பரிசுக் குறிப்பு என்று கட்டம் கட்டி, அம்மாவின் பெயரும் ஜீவனஹள்ளியும் போட்டிருந்தது. இலை, உப்பு, விரல் புண் எல்லாம் இருந்தன. அத்தை மட்டும் இல்லை. முதல் வரியே இதுதான்: "எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கைவைத்தியம் இது." எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவது ஒன்றைத்தான்.

அம்மா ஒன்றை மறந்துவிட்டாள். அந்த வாரம் பத்திரிகை வாங்கும் முறை அத்தையுடையது. சாயங்காலம் அத்தை எங்கள் வாசலுக்கு வந்து, பத்திரிகையை அந்தப் பக்கத்தில் மடித்து அம்மாவிடம் நீட்டினார்.

"உங்க பேரு கட்டம் கட்டி வந்துகீது டீச்சரம்மா. நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு இன்னாத்துக்கு."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை. குழாயடியில் வைத்து நாலு வார்த்தை நாறக் கேட்டிருந்தால் அம்மாவும் பதிலுக்குக் கத்தி, ஒரு வாரத்தில் எல்லாம் ஆறிப்போயிருக்கும். அத்தை அதன்பிறகு அம்மா இருக்கும் நேரத்தில் குழாயடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பத்திரிகை வாங்கும் முறையிலிருந்தும் விலகிக்கொண்டார். அம்மாவுக்குப் பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தபாலில் வந்தது. அதை நான் காலேஜுக்கு எடுத்துப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

டிகிரி முடித்ததும் எனக்கு ஒரு சின்ன அமைப்பில் வேலை கிடைத்தது. டைப் அடிப்பதும் தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் பெயர்ப்பதும் என் வேலை. நம் ஊர் மூலிகைக்கும் விதைக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் பேட்டன்ட் எடுத்து, இதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம், எங்களைத் தவிர வேறு யாரும் செய்து விற்கக் கூடாது என்று சொல்வதை எதிர்த்து வழக்காடுகிறவர்கள் அவர்கள். மஞ்சளுக்குக் கொடுத்த பேட்டன்டை அமெரிக்காவில் ரத்து செய்த செய்தி வந்து எல்லோரும் தலைகால் புரியாமல் திரிந்த காலம். நானும் திரிந்தேன். தினமும் வீட்டுக்கு வந்து, "திருட்டுப் பசங்க, நம்ம அடுப்படியில இருக்கறத எடுத்துட்டுப் போய்த் தன் பேரைப் போட்டுக்கிறானுங்க" என்று பிரசங்கம் செய்வேன். அம்மா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே குனிந்திருப்பாள். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் என் மேஜைக்கு வந்த ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பேட்டன்ட் காகிதத்தில் அந்த இலை இருந்தது. தாவரவியல் பெயரை வைத்து எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. உப்பையும், சோப்பில் வெடிக்கும் விரலையும் படித்ததும் புரிந்துவிட்டது. எங்கள் வக்கீல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நம் நாட்டில் இதற்கென்று அப்போது சட்டம் கிடையாது, மசோதா வரும் வரும் என்று பேச்சுதான். அந்த நாட்டுச் சட்டமோ, வேறு நாட்டில் ஜனங்கள் வாய்வழியாகச் சொல்லிச் செய்துவருவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அவர்கள் மனுப் போடுவதற்கு முன்பே அச்சில், தேதியோடு வந்திருக்க வேண்டும். சித்த மருத்துவப் புத்தகங்களில் இலை இருந்தது, இந்தச் சேர்மானம் இல்லை. ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு பக்கம் எங்கள் வீட்டு பீரோவில், புடவைக்கு அடியில் இருந்தது.

சாயங்காலம் வரை தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு சொன்னேன். வக்கீலுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். 'தலைமுறை தலைமுறையாக' என்ற வரியை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது அதன் கீழே பென்சிலால் கோடு போட்டார். எழுதியவரே இதை எப்போது எழுதினார், யாரிடம் கற்றார் என்று சத்தியம் செய்து ஓர் அஃபிடவிட் கொடுத்தால் இன்னும் பலம் என்றார்.

அவர் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன அன்று காலையில் நான் அம்மாவிடம், "அத்தைகிட்ட கத்துக்கிட்டேன்னு சொல்லிடும்மா. பத்திரிகையும் தேதியும்தான் முக்கியம். யார் சொல்லிக் கொடுத்தாங்கங்கறதால கேஸ் ஒண்ணும் கெடாது" என்றேன்.

"சொல்லிடறேன்டி. எனக்கும் மனசு அரிச்சுக்கிட்டேதான் இருக்கு. அந்தப் பாவத்தை இறக்கி வெச்சுடறேன்" என்றாள். சத்தியமாக நம்பினேன்.

வக்கீல் வந்தார். வாசலில் நாற்காலி போட்டோம். அம்மா பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று அத்தைக்கு லீவு. குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் மலையாளி, அரைகுறைத் தமிழில் கேட்டார்: "இது யார் அம்மாவுக்கு படிப்பிச்சது?"

அம்மா குழாயடியைப் பார்த்தாள். வக்கீலின் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"எங்க அம்மா சொல்லிக் கொடுத்தது. அவங்களுக்கு அவங்க அம்மா."

அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவள் நான். எத்தனை பேர் முன்னால் எத்தனை முறை திருடர்கள் திருடர்கள் என்று பேசியிருப்பேன். குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அத்தை எங்கள் பக்கம் வந்தார்.

"இன்னாம்மா விஷயம்?" என்று என்னைத்தான் கேட்டார். சொன்னேன்.

"அந்தக் கம்பெனிக்காரன் ஜெயிச்சா இன்னா ஆவும்?"

"அந்த நாட்டுல அவனைத் தவிர யாரும் இதைச் செஞ்சு விக்க முடியாது அத்தை. அவன்தான் கண்டுபிடிச்சான்னு ஆயிடும்."

அத்தை அம்மாவை ஒருமுறை பார்த்தார். அம்மா புடவை முந்தானையை நீவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா சொல்றது நெசம்தான் சார். இது அவங்க வீட்டு மருந்து. எனக்கே இவங்கதான் பூசிவிட்டாங்க."

வக்கீலுக்குத் தானாக ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அத்தையின் பெயரிலும் ஓர் அஃபிடவிட் தயாரானது. அவர் மறுநாளே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, படிக்கச் சொல்லிக் கேட்டு, தெளிவான தமிழ்க் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"வெளிநாட்டுக்காரன் எடுத்தா கேக்கறதுக்கு நீங்க ஆபீசு வெச்சிருக்கீங்க. பக்கத்து வீட்டுல எடுத்தா நான் எந்த ஆபீசுக்குப் போறது? வுடு. உங்கம்மா ஆசப்பட்டுட்டாங்க. போம்மா, அடுப்புல பால் கீது."

உண்மையைச் சொல்லியிருந்தாலும் கேஸ் அதே பலத்தோடுதான் இருந்திருக்கும். நாங்கள் ஆட்சேபணை போட்டதும் அந்தக் கம்பெனி வாதாடாமலே பேட்டன்டைக் கைவிட்டது. அலுவலகத்தில் மைசூர்பாகு கொடுத்தார்கள். ஓர் ஆங்கிலப் பேப்பரில் அம்மாவின் படம் வந்தது. அச்சில் பெயர் பார்க்க அத்தனை ஆசைப்பட்டவள் அதை வெட்டி வைக்கக்கூட இல்லை. ஒரு டப்பாவில் கேசரி செய்து எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை வாங்கிக்கொண்டார். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாதென்று அதைக் கழுவி, ஒரு பிடி சர்க்கரை போட்டு, எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருவழியாக நம் நாட்டிலும் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் என்ன செடி இருக்கிறது, அதை வைத்து யாருக்கு என்ன தெரியும் என்று பதிவேடு எழுத வேண்டும். அந்த அறிவை வைத்து யாராவது லாபம் பார்த்தால் அதில் உரியவர்களுக்குப் பங்கு தர வேண்டும். ஒத்திகையாகச் செய்து பார்க்கலாம் என்று எங்கள் அலுவலகம் சில தெருக்களில் எழுத ஆரம்பித்தபோது, எங்கள் காம்பவுண்டையும் சேர்க்கச் சொன்னேன். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளே, "இந்தத் தடவை சொல்லிடறேன்" என்றாள்.

சொன்னாள். எழுத வந்த கன்னடப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, ஐந்து வீட்டுக்காரர்களும் கேட்கும்படி சொன்னாள். "இது எங்க வீட்டு மருந்து இல்லம்மா. அதோ அவங்களோடது. நான் திருடி என் பேருல எழுதிட்டேன்." திருடி என்ற வார்த்தையை அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு நரைத்துவிட்டது என்பதை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

அந்தப் பெண் அத்தையிடம் போய், "யாரிந்த கலித்ரி?" என்று கேட்டாள். யாரிடம் கற்றீர்கள் என்று.

"அவ்ரிந்தனே" என்றார் அத்தை, அம்மாவைக் காட்டி. அவரிடம்தான். பிறகு அம்மாவிடம் தமிழில், கோபமே இல்லாமல் சொன்னார்.

"சத்தியம் பண்ணிக் கையெழுத்து போட்டுக் குடுத்துகிறேன் டீச்சரம்மா. இப்ப மாத்திச் சொன்னா நான்தான் பொய் சாட்சி சொன்னவன்னு ஆவும். இனிமே உங்க பேருலயே இருக்கட்டும், வுடுங்க."

அத்தை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எழுத வந்த பெண் என் பக்கம் திரும்பி, உங்கள் அம்மாவின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டாள். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.